காகிதக் காகம் கல் போடட்டும்: சிறு பிள்ளைகளுக்கு அறிவாளிப் பறவைகளை அறிமுகப்படுத்தும் வழி

கறுப்பு சார்ட்டில் காகம் வெட்டி, கண் ஒட்டி, சுவரில் மாட்டியாயிற்று. பிள்ளைக்கு அதிலிருந்து என்ன தெரிந்தது? காகம் கறுப்பு என்று. அது முன்பே தெரிந்த விஷயம். காகம் யோசிக்கும் என்பது தெரியவேண்டுமானால், செய்த காகம் ஏதாவது வேலை பார்க்கவேண்டும். கல்லைத் தூக்கவேண்டும், கொக்கியால் இழுக்கவேண்டும், ஒளித்ததைத் தேடவேண்டும். கதைக்கும் இதே விதிதான். பறவை சிக்கலில் மாட்டிக்கொள்ளும் இடத்தில் கதை நிற்கவேண்டும். மீதியைப் பிள்ளையின் கை கண்டுபிடிக்கட்டும்.

கீழே உள்ள கைவேலைகள் இந்த ஒரு கணக்கை வைத்தே பொறுக்கப்பட்டவை. 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். வீட்டில் ஒரு பிள்ளையோடும் செய்யலாம், வகுப்பிலும் செய்யலாம். வகுப்பு என்றால் ஒரு பெரியவருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஏழாவது பிள்ளையின் தாளில் பசை ஒழுகும்போது உங்கள் கை வேறு எங்கோ இருக்கும்.

முதலில் எடுத்து வைக்க

சார்ட் 180 முதல் 200 ஜி.எஸ்.எம். கனத்தில் இருக்கட்டும். அதைவிட மெல்லியது பசை ஈரத்தில் சுருளும், தடித்ததைப் பிள்ளைக் கத்தரிக்கோல் வெட்டாது. கறுப்பு, சாம்பல், சிவப்பு, வெள்ளை நிறங்களில் தலா ஒரு தாள் போதும். முனை மழுங்கிய கத்தரிக்கோல், வெள்ளைப் பசை, பசைக் குச்சி, இருபக்க ஒட்டு டேப், வெள்ளைப் பென்சில் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பென்சில்தான் பலருக்கு விட்டுப்போகும். கறுப்புத் தாளில் சாதாரணப் பென்சில் கோடு தெரியாது, பிள்ளை கோட்டைத் தேடியே களைத்துவிடும்.

பசை விஷயத்தில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கும்: அதிகம் ஊற்றுவது. தட்டில் ஒரு தேக்கரண்டி அளவு ஊற்றி, பழைய தூரிகையாலோ காதுக்குச்சியாலோ மெல்லப் பூசச் சொல்லுங்கள். பாட்டிலைப் பிள்ளை கையில் கொடுத்தால் தாள் ஊறி வளைந்துவிடும். உலர்ந்த பிறகும் அந்த வளைவு போகாது.

3, 4 வயதுக்காரர்களுக்கு உருவங்களை முன்கூட்டியே வெட்டி வையுங்கள். ஒட்டுவதும் மடிப்பதும் மட்டும் அவர்கள் வேலை. கைவேலைக்கு 15 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் கதைக்கு ஆள் இருக்காது. 5 வயதுக்கு மேல் 25 நிமிடம் வரை தாங்குவார்கள், நேர்கோட்டில் தாமே வெட்டுவார்கள்.

கல் போடும் காகம்

இதிலிருந்து தொடங்குவது நல்லது. தாகம் எடுத்த காகம் பானைக்குள் கல் போட்ட கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது வெறும் கதை இல்லை, பறவைகள் உண்மையிலேயே செய்து காட்டியது என்பது பலருக்குத் தெரியாது. 2009-ல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி என்ற இரு ஆய்வாளர்கள் ரூக் என்னும் காக இனப் பறவைகள் நான்கின் முன்னால் தண்ணீர்க் குழாய் ஒன்றை வைத்தார்கள். தண்ணீரில் ஒரு புழு மிதந்தது, அலகுக்கு எட்டவில்லை. பக்கத்தில் கற்கள் கிடந்தன. ரூக்குகள் கற்களைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்திப் புழுவை எடுத்தன. பெரிய கல், சிறிய கல் இரண்டும் கிடந்தபோது பெரியதையே நாடக் கற்றுக்கொண்டன. இத்தனைக்கும் ரூக்குகள் காட்டில் இப்படிக் கருவி எதையும் பயன்படுத்தி யாரும் கண்டதில்லை.

செய்யப்போவது துணி கிளிப்பை அலகாகக் கொண்ட ரூக். கிளிப்பை வாங்கும்போது பிள்ளையின் இரண்டு விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் கடினமாக இருந்தால் 4 வயது விரலுக்கு ஒத்துவராது. மரக் கிளிப்பானால் வெள்ளைப் பசை பிடிக்கும். பிளாஸ்டிக் கிளிப்பில் அது உலர்ந்ததும் உரிந்து வந்துவிடும், அதற்கு இருபக்க டேப்தான்.

1. கறுப்பு சார்ட்டில் பக்கவாட்டுத் தோற்றத்தில் காகத் தலை ஒன்றை வரையுங்கள். அலகு நுனியிலிருந்து பின்மண்டை வரை 7 செ.மீ. நீளம். அதில் அலகு மட்டும் 3 செ.மீ. இருக்கட்டும்.
2. வெட்டிய பிறகு, அலகு பிரியும் கோட்டிலேயே கத்தரியை ஓட்டிப் பின்மண்டை வரை கொண்டுபோங்கள். மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு துண்டு கிடைக்கும்.
3. கிளிப்பை மேசையில் பக்கவாட்டில் கிடத்துங்கள். மேல்துண்டை மேல்காலிலும், கீழ்த்துண்டைக் கீழ்க்காலிலும் ஒட்டுங்கள். அலகு நுனியும் கிளிப்பின் வாய் நுனியும் ஒரே இடத்தில் வரவேண்டும்.
4. பசை ஈரமாக இருக்கும்போதே கிளிப்பை நாலைந்து முறை திறந்து மூடுங்கள். பிறகு 20 நிமிடம் காயவிடுங்கள்.
5. அலகின் அடிப்பகுதியைச் சுற்றி வெளிர்சாம்பல் தாளில் ஒரு சிறு துண்டு ஒட்டுங்கள். வளர்ந்த ரூக்குக்கு அந்த இடத்தில் இறகு இருக்காது, வெளிறிய தோல் தெரியும். மற்றக் காகங்களிலிருந்து அதை அடையாளம் காண்பதே இதை வைத்துத்தான். இந்தத் துண்டும் ஒரு பாதியில் மட்டும் ஒட்டியிருக்கவேண்டும். இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டால் வாய் திறக்காது.
6. உடலுக்கு 20 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலமுள்ள கறுப்புத் தாள்பட்டையை எடுத்து, ஒரு ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெட்டுகள் கொடுங்கள். வெட்டிய ஓரம் முழங்கையைப் பார்க்கும்படி அதைப் பிள்ளையின் மணிக்கட்டில் தளர்வாகச் சுற்றி டேப் போடுங்கள். பிள்ளையின் கையே காகத்தின் கழுத்து.

தலையோடு பெரிய உடலை ஒட்டுவது பலர் செய்யும் வேலை. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பாரம் இழுத்துக் கிளிப் கையில் திரும்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மணிக்கட்டுப் பட்டை. அலகு கிளிப்பின் வாயைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் நீண்டாலும் வம்பு. கல்லைப் பிடிப்பது கிளிப், காகித நுனி அல்ல. நீண்ட நுனி தண்ணீரில் பட்டு நைந்துபோகும்.

இனித் தண்ணீர். உள் அகலம் 6 செ.மீ., உயரம் 12 செ.மீ. உள்ள, உடையாத, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் டம்ளர் ஒன்று. 8 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே 10 செ.மீ. உயரத்தில் சிவப்பு டேப் ஒட்டுங்கள், அதுதான் அலகு எட்டும் கோடு. ஒரு தக்கைத் துண்டை மிதக்கவிடுங்கள், அது புழு. சுமார் 2 செ.மீ. அளவில் தட்டையான கூழாங்கற்கள் 25. இந்த அளவுகளில் ஒரு கல் நீர்மட்டத்தை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உயர்த்தும், ஆக 20 கல்லளவில் கோட்டைத் தொடும். பொறுமை போவதற்குள் முடிந்துவிடும். வாய் அகன்ற பாத்திரம் வைத்தால் 50 கல் போட்டும் அசையாது, பிள்ளை எழுந்து போய்விடும்.

தண்ணீரைக் குறைத்து வைத்தால் இன்னொரு விபரீதம். படங்களில் பானையின் அடியில் கொஞ்சூண்டு தண்ணீர் காட்டுவார்கள் அல்லவா? அப்படி வைத்து முயன்றால் காகம் தோற்கும். கற்களைக் கொட்டினால் அவற்றுக்கு இடையே ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளி இருக்கும், இருக்கிற தண்ணீர் எல்லாம் அந்த இடுக்குகளுக்குள்ளேயே அடங்கிவிடும். இந்த டம்ளரில் 4 செ.மீ.க்குக் கீழே தண்ணீர் இருந்தால், வாய்வரை கல் நிரப்பினாலும் கோட்டைத் தொடாது. ஆறேழு வயதுக்காரர்களிடம் இதை ஒருநாள் வேண்டுமென்றே செய்து காட்டுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவே வேண்டாம், அவர்களே டம்ளரின் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள்.

3 வயது நிறையாதவர்களும், எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகளும் இருந்தால் 2 செ.மீ. கல் கூடவே கூடாது. 5 செ.மீ.க்குக் குறையாத கற்களையும் அகன்ற சட்டியையும் வைத்துக் கையாலேயே போடச் சொல்லுங்கள். கிளிப்பை நீங்கள் வைத்துக்கொண்டு காகமாகப் பேசுங்கள்.

முதல் ஆட்டம் முடிந்ததும் இரண்டாவது டம்ளர் ஒன்றை வையுங்கள், அதில் தண்ணீருக்குப் பதில் மணல். எதில் கல் போட்டால் புழு மேலே வரும்? அடுத்து, கற்களோடு தெர்மோகோல் உருண்டைகளைக் கலந்து வையுங்கள். எதை எடுப்பது? நியூ கலிடோனியாக் காகங்களுக்கு 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் இதே கேள்விகளை வைத்தார்கள். காகங்கள் மணலை விட்டுத் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தன, மிதப்பதை விட்டு மூழ்குவதைப் போட்டன. ஆனால் ஒடுங்கிய குழாய், அகன்ற குழாய் இரண்டில் எதில் போட்டால் சீக்கிரம் வரும் என்பது அவற்றுக்குப் பிடிபடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காகம் தோற்ற கேள்வி என்றால் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம்.

பிள்ளை தடுமாறினால் கவலை வேண்டாம். இதே சோதனையைக் குழந்தைகளுக்கு வைத்தபோது 5 முதல் 7 வயதுக்காரர்கள் பறவைகளைப் போலவே சில தடவை முயன்றுதான் கற்றார்கள். 8 வயதுக்கு மேற்பட்டவர்களே முதல் தடவையில் சரியாகச் செய்தார்கள்.

கொக்கி வளைத்த காகம் பெட்டி

பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவின் காகங்கள் சுள்ளியைக் கொத்திக் கொத்திக் கொக்கியாக்கி, மரப்பொந்துக்குள் இருக்கும் புழுக்களை இழுத்து எடுக்கும். தாழை இலையின் ஓரத்தைப் படிப்படியாகக் கிழித்தும் கருவி செய்யும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த அந்த இனத்துப் பெண்காகம் ஒன்றின் பெயர் பெட்டி. நிமிர்ந்த குழாய்க்குள் கைப்பிடி வைத்த குட்டி வாளி, வாளிக்குள் தீனி. வெளியே கொக்கிக் கம்பி ஒன்றும் நேரான கம்பி ஒன்றும் இருந்தன. கூட இருந்த ஆண்காகம் கொக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெட்டி நேரான கம்பியின் ஒரு முனையை இடுக்கில் செருகி வளைத்து, தானே கொக்கி செய்து வாளியைத் தூக்கியது. 2002-ல் வெளியான செய்தி இது. அதே இனத்துக் காட்டுக் காகங்களுக்கும் சுள்ளியை வளைக்கும் பழக்கம் உண்டு என்று பின்னால் 2016-ல் தெரியவந்தது. ஆகவே "உலகத்துலயே பெட்டி மட்டும்தான்" என்று சொல்லவேண்டாம்.

கழிவறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழாய் இரண்டை நீளவாக்கில் ஒட்டி 20 செ.மீ. ஆக்குங்கள். ஒரே குழாய் 10 செ.மீ.தான் இருக்கும், பிள்ளையின் விரலே உள்ளே எட்டிவிடும், கொக்கிக்கு வேலை இராது. குழாயின் அடியில் ஒன்றரை செ.மீ. நீளத்துக்கு நாலு வெட்டுப் போட்டு வெளிப்பக்கம் விரித்து, 15 செ.மீ. சதுர அட்டையில் ஒட்டுங்கள். முன்பக்கம் 2 செ.மீ. அகலம், 14 செ.மீ. நீளத்தில் ஒரு சன்னல் வெட்டி ஒளி ஊடுருவும் தாளால் மூடுங்கள். உள்ளே நடப்பது தெரியாவிட்டால் பிள்ளை குருட்டாம்போக்கில் குத்திக்கொண்டிருக்கும்.

வாளிக்கு 3 செ.மீ. அகலம், 9 செ.மீ. நீளமுள்ள சிவப்புப் பட்டையை 1 செ.மீ. மேற்படியும்படி சுருட்டி ஒட்டுங்கள். அடிக்கு ஒரு வட்டம். கைப்பிடியைக் காகிதத்தில் செய்யாதீர்கள், அது சாய்ந்து படுத்துக்கொள்ளும், கொக்கி மாட்டாது. பைப் கிளீனர் (மென்பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) துண்டை வளைத்து, 3 செ.மீ. உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும்படி இரு பக்கமும் குத்தி முறுக்குங்கள். வாளிக்குள் ஒரு ஸ்டிக்கரோ படமோ இருக்கட்டும். கூடவே ஒரு சிறு கல். வெறும் வாளி லேசாக இருந்தால் குழாய்ச் சுவரில் சாய்ந்து மாட்டிக்கொள்ளும்.

கருவி: முழு நீளப் பைப் கிளீனர் ஒன்று. அதன் முனைக் கம்பி குத்தும் என்பதால் பலரும் நுனியை மடித்துவிடுவார்கள். இங்கே மடிக்கக்கூடாது, அந்த மடிப்பே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். நுனியில் டேப் சுற்றுங்கள்.

கதையைப் பெட்டியின் கையில் நேரான கம்பி மட்டும் இருக்கும் இடத்தில் நிறுத்திக் குழாயைப் பிள்ளையிடம் தள்ளுங்கள். ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 5 வயதுக்குட்பட்ட பெரும்பாலான குழந்தைகள் தாமாகக் கொக்கி செய்வதில்லை. நேரான குச்சியை உள்ளே விட்டுவிட்டுக் குத்துவார்கள். ஒருமுறை நீங்கள் வளைத்துக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆய்வுகளிலும் இப்படித்தான் தெரிந்தது. புத்தி குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை, புதிய கருவியைத் தானே எண்ணி உருவாக்குவது அவ்வளவு கடினம். காட்டுவதற்கு முன் முழுதாக இரண்டு நிமிடம் கொடுங்கள். அட்டையோடு குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து வாளியை எடுக்கும் பிள்ளையும் சிக்கலைத் தீர்த்துவிட்டது. அதைப் பாராட்டிவிட்டு, "பெட்டியோட குழாயைக் கவுக்க முடியாது. அப்பன்னா?" என்று தொடருங்கள்.

ஒளித்து வைக்கும் பறவை

வட அமெரிக்க மலைக்காடுகளில் கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்ற பறவை இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பைன் விதைகளைப் பல்லாயிரக்கணக்கில் மண்ணுக்குள் ஒளித்து வைக்கும். மாதங்கள் கழித்து, பனி மூடிய பிறகும் தேடி எடுக்கும். விதைகளைச் சுமக்க அதன் நாக்குக்கு அடியில் ஒரு பை உண்டு. காகிதத்தில் செய்யவேண்டியது அந்தப் பையைத்தான்.

சாம்பல் சார்ட்டில் 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை. அடியிலிருந்து 7 செ.மீ. மேலே மடித்து, இரு ஓரத்தையும் மட்டும் ஒட்டுங்கள், நடுவில் பை கிடைக்கும். மேல்முனையைத் தலைபோல் உருட்டி வெட்டுங்கள். 4 செ.மீ. நீளக் கறுப்பு அலகு. கறுப்பு இறக்கை இரண்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளைத் துண்டு. மடிக்கும் இடத்தை முதலில் அளவுகோல் வைத்து மழுங்கிய முனையால் கீறிக்கொண்டால் சார்ட் வெடிக்காது. ஓரங்களை ஒட்டும்போது பைக்குள் பசை வழிந்தால் விதை ஒட்டிக்கொள்ளும், இங்கே பசைக் குச்சியே நல்லது.

விதைகளுக்கு 3 செ.மீ. நீள்வட்டத் தாள்கள் பத்து. தரையில் 60 செ.மீ. சதுரத்துக்கு ஒரு துணி விரித்து, கிழித்த காகிதத் துண்டுகளைப் பரப்புங்கள். அது காடு. காகித மரம், சிவப்புக் கல், நீலக் கிண்ணம் என்று மூன்று அடையாளங்களை வையுங்கள். பிள்ளை பையிலிருந்து விதைகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒளிக்கட்டும். 4 வயதுக்கு மூன்று விதை, 6 வயதுக்கு ஆறு. பிறகு பத்து நிமிடம் வேறு வேலை. திரும்பி வந்து தேடச் சொல்லுங்கள்.

பெரிய பிள்ளைகளோடு விளையாடும்போது, இடைவெளியில் அடையாளங்கள் மூன்றையும் ஒரு சாண் இடதுபுறம் நகர்த்திவிடுங்கள். ஆய்வாளர் ஒருவர் நட்கிராக்கர்களிடம் இப்படிச் செய்தபோது அடையாளங்கள் நகர்ந்த அளவுக்குப் பறவைகளும் தள்ளித் தேடின. மூக்கால் மோப்பம் பிடித்தல்ல, மரம் கல்லை அடையாளம் வைத்தே அவை நினைவுகொள்கின்றன என்று அதிலிருந்து புரிந்தது. நகர்த்தியது நீங்கள்தான் என்று கடைசியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 5 வயதுக்காரர் அழுதுவிடுவார்.

இதே விரிப்பில் இன்னொரு கதையும் சொல்லலாம், ஸ்க்ரப் ஜே என்ற நீலப் பறவையின் கதை. அது புழுவையும் வேர்க்கடலையையும் ஒளித்து வைக்கும். நாலு மணி நேரத்தில் திரும்பி வந்தால் பிடித்தமான புழுவைத் தேடும். ஐந்து நாள் கழித்து வந்தால் புழு அழுகியிருக்கும் என்பதைக் கற்றுக்கொண்டிருப்பதால் நேரே கடலைக்குப் போகும். என்ன, எங்கே, எப்போது என்ற மூன்றும் அதற்கு நினைவிருக்கிறது என்று ஆய்வாளர்கள் நிக்கோலா கிளேட்டனும் ஆன்டனி டிக்கின்சனும் 1998-ல் காட்டினார்கள். ஒளிப்பதை வேறொரு ஜே பார்த்துவிட்டால், பிறகு தனியே இருக்கும்போது எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடும். இதில் வேடிக்கை, முன்பு தானே திருடிப் பழகிய பறவைகள்தான் அப்படி மாற்றி வைத்தன. பிள்ளைகள் இந்த இடத்தில் மிகவும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதைத் "திருடக்கூடாது" என்ற பாடமாக மாற்றவேண்டாம். பறவைக்குத் திருட்டு இல்லை, தீனிதான்.

முகம் மறக்காத காகம்

இதற்குக் காகிதத் தட்டு முகமூடி போதும். 2006-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளரின் குழு, ஆதிமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டது. அதன்பிறகு யார் அந்த முகமூடியோடு நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின, ஆண்டுக்கணக்கில். பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன.

இரண்டு தட்டில் இரண்டு முகம்: ஒன்றுக்குக் கனத்த புருவம், இன்னொன்றுக்கு வட்டக் கண்ணாடி. கண் துளை 3 செ.மீ. இருக்கவேண்டும், சிறிதானால் பிள்ளை தடுக்கி விழும். காதில் மாட்டும் ரப்பருக்குப் பதில் கீழே ஒரு குச்சி ஒட்டுங்கள், வேண்டாமென்றால் உடனே இறக்கிவிடலாம். பெரியவர் ஒருவர் முகமூடியை மாற்றி மாற்றிப் பிடித்து நடக்க, காகங்களாக உட்கார்ந்த பிள்ளைகள் புருவ முகத்துக்கு மட்டும் "கா, கா" என்று கத்தவேண்டும். சட்டையையும் தொப்பியையும் மாற்றிப் பாருங்கள், ஏமாறக்கூடாது. 3 வயதுப் பிள்ளைகள் முகமூடிக்குப் பயப்படுவார்கள். அவர்கள் கண் முன்னாலேயே வரைந்து, அவர்கள் கையாலேயே உங்கள் முகத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

சாம்பல் கிளி அலெக்ஸ்

கிளி என்றதும் பச்சைத் தாளை எடுக்கவேண்டாம். அலெக்ஸ் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி: உடல் சாம்பல், வால் மட்டும் சிவப்பு. சிவப்புத் தாளை ஒரு செ.மீ. மடிப்புகளாக விசிறிபோல் மடித்து அடியில் ஸ்டேப்ளர் போட்டால் வால் ஆயிற்று.

ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977-ல் அதற்குப் பயிற்சி தொடங்கினார். 2007-ல் அது இறக்கும்வரை தொடர்ந்தது. நிறம், வடிவம், எந்தப் பொருளால் ஆனது, ஆறு வரை எண்ணிக்கை, இரண்டு பொருளில் எது ஒன்றுபோல் எது வேறு என்றெல்லாம் சொன்னது. முக்கோணத்தை "மூணு மூலை" என்றும் சதுரத்தை "நாலு மூலை" என்றும் அழைத்தது. கற்றுக்கொடுத்த முறை பெரியவர்களுக்கும் உதவும்: இருவர் கிளியின் முன்னால் பொருளைக் காட்டிக் கேள்வியும் பதிலும் பேசிக்கொள்வார்கள், சரியாகச் சொன்னவருக்குப் பொருள் கிடைக்கும், கிளி பார்த்துக்கொண்டிருந்து போட்டியில் இறங்கும். பேசத் தயங்கும் பிள்ளை இருந்தால் இதைச் செய்து பாருங்கள். நேராகக் கேட்காமல், நீங்களும் இன்னொருவரும் "இது என்ன நிறம்?", "நீலம்" என்று வண்ண வடிவங்களைக் கைமாற்றிக்கொண்டிருங்கள். மூன்றாவது சுற்றில் அந்தப் பிள்ளையின் பக்கம் பார்த்தால் போதும்.

கதை சொல்லும் விதம்

புத்தகத்தைப் பார்த்து வாசிக்கவேண்டாம். பறவை உங்கள் கையில் இருக்க, ஐந்தே நிமிடம். உதாரணத்துக்கு ரூக் கதை:

"ஒரு ரூக்கு. மூஞ்சி மட்டும் வெள்ளை. அதுக்குப் பசி. குழாய்க்குள்ள ஒரு புழு மிதக்குது. அலகை விட்டுப் பாக்குது... எட்டல. தலையைச் சாய்ச்சு விட்டுப் பாக்குது... அப்பவும் எட்டல. சுத்தி சுத்தி வருது. பக்கத்துல கல்லு கிடக்கு."

இங்கே நிறுத்துங்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். இந்த மௌனம் பெரியவர்களுக்குத்தான் கஷ்டம், மூன்றாவது எண்ணிக்கையிலேயே "கல்லை எடுத்து என்ன பண்ணும்?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்டால் விடை போய்விட்டது. பிள்ளைகள் "ஊதலாம்", "ஸ்ட்ரா போட்டு உறிஞ்சலாம்", "டம்ளரை உடைக்கலாம்" என்பார்கள். தப்பு என்று சொல்லாமல், முடிந்ததைச் செய்து பாருங்கள். ஊதினால் புழு சுற்றும், மேலே வராது. அதைக் கண்ணால் பார்த்த பிள்ளைதான் அடுத்த யோசனைக்குப் போகும்.

பறவைக்குக் கண்ணாடி, தொப்பி, பள்ளிக்கூடம் எல்லாம் வைக்கும் ஆசையை அடக்குங்கள். பறவை பறவையாகவே, அலகாலும் காலாலும் சிக்கலைத் தீர்ப்பதுதான் வியப்பு. அதேபோல், எல்லாச் சாமர்த்தியத்தையும் புத்தி என்று சேர்க்கவேண்டாம். தூக்கணாங்குருவியின் கூடு பிரமாதமான வேலைதான், ஆனால் அதன் பெரும்பகுதி பிறவியிலேயே வருவது, பழகப் பழகக் கை திருந்துகிறது. புதுச் சிக்கலுக்குப் புது வழி தேடுவது வேறு. 6 வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் புரியும்: "இது அதுக்குப் பொறந்ததுலேர்ந்தே தெரியுமா, யோசிச்சுக் கண்டுபிடிச்சுதா?" என்ற கேள்வியை ஒவ்வொரு கதைக்குப் பிறகும் வையுங்கள்.

"இவ்ளோ சின்னத் தலையில எப்படி?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணம் எடுத்து, ஒன்றில் பஞ்சு உருண்டைகளையும் மற்றதில் கடுகையும் நிரப்பிக் காட்டுங்கள். பறவை மூளை சிறியது, ஆனால் காக, கிளி இனங்களின் மூளையில் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2016-ல் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள்.

வெளியே பார்க்க

ஒவ்வொரு கதைக்கும் மறுநாள், நிஜப் பறவையைப் பத்து நிமிடம் பார்க்க வையுங்கள். சன்னலோரம் போதும். நடு வெயிலில் பறவைகள் ஒதுங்கிவிடும், காலை வெளிச்சம் வந்த முதல் இரண்டு மணி நேரம் நல்லது. ஒரு தாளை நாலு கட்டமாக மடித்து மூன்றில் படம் வரைந்து கொடுங்கள்: எதையோ காலால் பிடித்துக் கொத்துகிறது, எதையோ ஒளிக்கிறது அல்லது தூக்கிப் போகிறது, இன்னொரு பறவையைத் துரத்துகிறது. பார்த்ததும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. நாலாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள், பட்டியலில் இல்லாத எதையாவது பிள்ளை பார்த்தால் அங்கே வரையட்டும். கூட்டுக்குப் பக்கத்தில் போகவும், குஞ்சைத் தொடவும், கல்லெறிந்து பறக்கவைக்கவும் கூடாது என்பதை வெளியே போகுமுன்பே சொல்லிவிடுங்கள்.

கிளிப் காகத்தின் அலகு பத்து இருபது ஆட்டத்துக்குப் பிறகு ஓரம் நையும். கிளிப் நன்றாக இருந்தால் பழைய தாளை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்து, புது அலகு மட்டும் ஒட்டினால் போதும்.